மனநோய் மாத்திரைக்குப் போகும் பணம்

சம்பளம் போட்டு நாலு நாள் கழித்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் கடிதத்தில் உள்ளதை மட்டும் இங்கே தருகிறோம்.

"எங்க வீட்டுக்காரரு செம்பனைக் குலை அறுக்கிறவரு. ரெண்டு வருசமா ராத்திரியில தூக்கமே கிடையாது. யாரோ லயத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டுத் தன்னைத் திட்டுறாங்கன்னு சொல்லுவாரு. நாங்களும் போமோகிட்ட போனோம், சாமி பார்த்தோம், தாயத்துக் கட்டினோம். கடைசியில டவுனுல ஒரு தனியார் டாக்டரு மருந்து கொடுத்தாரு. மருந்து கேக்குது, பொய் சொல்லக் கூடாது. ஆனா மாசம் 280 வெள்ளி ஆகுது. போன மாசத்திலேருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிறேன். இது தப்பான்னு எழுதுங்க."

தப்புதான் அம்மா. ஆனால் அந்தத் தப்பு உங்களுடையது அன்று. 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் 280 வெள்ளி என்றால் ஆறில் ஒரு பங்கு. அரிசி, மின்சாரம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக மிச்சமிருக்கும் காசில் இதையும் கட்டு என்றால், எந்தக் குடும்பத் தலைவியும் மாத்திரையை எண்ணித்தான் கொடுப்பார். ஆகவே இந்த வாரம் வேறு விஷயங்களை ஒத்தி வைத்துவிட்டு, மனநோய் மருந்துக்குக் காசு ஏன் இவ்வளவு போகிறது, எங்கே போகிறது, எப்படிக் குறைக்கலாம் என்பதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு வார்த்தை. தோட்டத்தில் யாராவது கொஞ்சம் மாறுபட்டுப் பேசினால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி செய்வது நம் வழக்கம். அங்கே 1911-இல் கட்டப்பட்ட பெரிய ஆஸ்பத்திரி இன்று ஹோஸ்பிட்டல் பஹாகியா என்ற பெயரில் இயங்குகிறது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்ப் பெயரை ஒரு வசவாகவே வைத்திருக்கிறோம். அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஊருக்குத் தெரியாமல் டவுனில் தனியார் டாக்டரைப் பார்க்கிறார்கள். மருந்துச் செலவின் முதல் பாதி இந்த வெட்கத்தில்தான் போகிறது என்று நாம் சொன்னால் யாரும் கோபிக்க வேண்டாம்.

வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? 2023-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கணக்கு வந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2019-இல் இது 2.3 ஆக இருந்தது. நாலே வருடத்தில் இரண்டு மடங்கு. இந்தப் பத்து லட்சத்தில் நம் லயத்து ஆட்களும் உண்டு, தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோனவர்களும் உண்டு.

ஒரே மாத்திரை, இரண்டு விலை

மருந்துக் கடையில் ஒரே மருந்துக்கு ஏன் பத்து விலை சொல்கிறார்கள்? இது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியது போல.

ஒரு கம்பெனி புது மருந்தைக் கண்டுபிடித்தால் சில காலம் அதை வேறு யாரும் செய்யக் கூடாது என்று காப்புரிமை வாங்கிக்கொள்கிறது. அந்தக் காலம் முழுதும் அது சொன்னதுதான் விலை. காலம் முடிந்ததும் மற்ற கம்பெனிகளும் அதே மருந்தைச் செய்யலாம். அவைதான் ஜெனரிக் மருந்துகள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்செட்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். 'புரோசாக்' என்ற பெயரில் உலகமெல்லாம் விற்றது. அமெரிக்காவில் 2001-லேயே அதன் காப்புரிமை முடிந்து போட்டிக் கம்பெனிகள் இறங்கிவிட்டன. செர்ட்ராலினுக்கு 2006-இல் முடிந்தது. காதில் குரல் கேட்பது போன்ற நோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், ஓலன்சாபின் இரண்டுக்கும் எப்போதோ முடிந்துபோனது. ஹலோபெரிடால், குளோர்புரோமசின், அமிட்ரிப்டிலின், லித்தியம் ஆகியவை அதைவிடப் பழையவை. 1977-இல் உலகச் சுகாதார நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இந்த நாலும் இருந்தன.

ஆகவே மனநோய் மருந்து என்றாலே விலை ஏறிய மருந்து என்ற எண்ணம் சரியல்ல. சில புதிய மருந்துகளுக்கும், மாதக் கணக்கில் உடம்பில் தங்கும் சில புதுவகை ஊசிகளுக்கும் விலை அதிகம்தான். ஆனால் தோட்டத்து நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வேண்டிய மருந்து, பல கம்பெனிகள் செய்கிற சாதாரண மருந்தே.

"ஜெனரிக் மட்டமான மருந்துதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே சீனியைச் சிவப்புச் சாக்கிலும் போடலாம், வெள்ளைச் சாக்கிலும் போடலாம். நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்கிற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் ஒன்று உண்டு. இம்மாதிரி மாத்திரைகளின் ஜெனரிக், முதல் மருந்தைப் போலவே ரத்தத்தில் சேருகிறதா என்று சோதனை காட்டினால்தான் பதிவு கிடைக்கும். பதிவான பெட்டியின் மேல் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், பளபளக்கும் பாதுகாப்பு வில்லையும் இருக்கும். அது இல்லாத மாத்திரையைப் பசார் மாலாமில் விற்றாலும் சரி, கைத்தொலைபேசியில் விற்றாலும் சரி, இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தூக்க மாத்திரை என்ற பேரில் எதை எதையோ விற்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனம். கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். நோயாளிக்கு ஏற்கெனவே சந்தேகம் உள்ள மனசு. "மருந்தை மாத்திட்டீங்க, எனக்கு விஷம் வைக்கிறீங்க" என்று தட்டைத் தள்ளிவிட்ட சம்பவங்களை நாம் கேட்டிருக்கிறோம். மாற்றும்போது மருந்தகத்திலேயே நோயாளியிடம் பெட்டியைக் காட்டிச் சொல்ல வைப்பது நல்லது. லித்தியம் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கம்பெனியை மாற்றக் கூடாது. அதற்கு ரத்தச் சோதனை வேண்டும்.

விலை எழுதிவைக்கும் சட்டம்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைப் பொதுமக்கள் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு இது. டாக்டர்கள் கோபப்பட்டார்கள். அதே மாதம் 6-ஆம் தேதி புத்ராஜெயாவில் திரண்டு தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவோம். நோயாளியைப் பார்ப்பதற்கான கட்டணம் 10 முதல் 35 வெள்ளி என்று 2006-ஆம் ஆண்டு விதிகளில் வகுத்தது பல வருடங்கள் அப்படியே கிடந்தது. கடை வாடகை ஏறுகிறது, நர்ஸ் சம்பளம் ஏறுகிறது. அந்தக் குறையை மருந்து விலையில்தான் சரிக்கட்டினோம் என்று டாக்டர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நம் நாட்டில் மருந்து எழுதுகிறவரே மருந்தை விற்கவும் செய்யலாம். சாதாரணக் காய்ச்சலுக்கு மூன்று நாள் மருந்து என்றால் இந்த ஏற்பாட்டில் பெரிய நஷ்டம் இல்லை. மனநோய்க்கு மாதாமாதம், வருடாவருடம் மருந்து வேண்டும். ஒரு மாத்திரையில் 2 வெள்ளி கூடுதல் என்று வைத்துக்கொண்டால், தினம் ஒரு மாத்திரைக்கு வருடத்தில் 730 வெள்ளி! காய்ச்சல் மருந்துக்குப் போட்ட கணக்கை நீண்டகால நோய்க்கும் போடுவதுதான் நம் பாட்டாளிகளை முறிக்கிறது.

இந்த உத்தரவினால் விலை குறையுமா? நாம் அவசரப்பட்டுக் கைதட்ட விரும்பவில்லை. உத்தரவு விலையைக் காட்டச் சொல்கிறது, குறைக்கச் சொல்லவில்லை. மருந்து விலைக்கு உச்சவரம்பு போடலாம் என்று 2019-இல் அமைச்சரவை மட்டத்தில் முடிவு வரை போன யோசனை நடைமுறைக்கு வராமலே தங்கிவிட்டது. காட்டுவதனால் பலன் கிடைக்க வேண்டுமானால், பார்க்கிறவன் நாலு கடை ஏறி இறங்க வேண்டும். டவுனில் குடியிருப்பவருக்கு அது சுலபம். தோட்டத்திலிருந்து 20 கிலோமீட்டர் வெளியே வந்து, ஒரே கிளினிக், ஒரே மருந்தகம் உள்ள சின்ன டவுனில் நிற்பவர் எங்கே போய் விலை ஒப்பிடுவது? அதுவும் காதில் குரல் கேட்டு அலறுகிற மகனைக் கையில் பிடித்துக்கொண்டு?

ஆனாலும் இந்த உத்தரவைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. நோயாளி அமைதியாக இருக்கும் மாதத்தில், குடும்பத்தார் ஒருவர் மருந்துப் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போய் விலை கேட்டு வரலாம். கம்பெனிப் பெயரை எழுதக் கூடாது, மருந்தின் சொந்தப் பெயரை எழுத வேண்டும். அது பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். தனியார் டாக்டரிடம் மருந்துச் சீட்டு மட்டும் கேட்டு வாங்கி வெளியே மருந்தகத்தில் வாங்குவதும் உங்கள் உரிமையே. மனச்சோர்வு மருந்தும் குரல் கேட்கும் நோய்க்கான மருந்தும் சீட்டு இருந்தால் மருந்தகத்தில் கிடைக்கும். கேட்கக் கூச்சமாக இருந்தால் மலாயிலேயே கேளுங்கள்: "டோக்தர், சாயா நாக் பிரெஸ்கிரிப்ஷன், உபாட் சாயா பெலி டி ஃபார்மசி." மருந்தகத்தில்: "அடா ஜெனரிக் தாக்?" இந்த இரண்டு வாக்கியத்துக்காக யாரும் உங்களைக் கடித்துத் தின்ன மாட்டார்கள். பில்லில் மருந்துக்கு எவ்வளவு, பார்த்ததற்கு எவ்வளவு என்று பிரித்துப் போடச் சொல்லவும் தயங்காதீர்கள்.

5 வெள்ளி மருந்துக்கு எத்தனை வெள்ளி செலவு?

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறோம். மேலே சொன்னதெல்லாம் தனியாரிடம் போகிறவர்களுக்கு. குடியுரிமை உள்ளவர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து 'சூராட் ருஜுக்கான்' என்ற சிபாரிசுக் கடிதம் பெற்று ஆஸ்பத்திரியின் நிபுணர் பிரிவுக்குப் போனால் 5 வெள்ளி. மருந்தும் இதற்குள் அடக்கம். 280 வெள்ளி எங்கே, 5 வெள்ளி எங்கே!

இதைச் சொன்னால் நம் ஆட்கள் சிரிக்கிறார்கள். "அஞ்சு வெள்ளிதாங்க, யார் இல்லேன்னா? போய் வந்து பாருங்க, அப்ப தெரியும்" என்றார் சிலாங்கூரில் நாம் சந்தித்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. அவர் சொன்ன கணக்கைக் கேளுங்கள். காலை ஆறு மணிக்கு வாடகைக் கார். நம்பர் எடுத்து உட்கார்ந்தால் டாக்டரைப் பார்க்கப் பதினோரு மணி. மருந்துக்கு இன்னொரு வரிசை. வீடு திரும்ப மூன்று மணி. 1,700 வெள்ளியை 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். நோயாளியோடு துணைக்குப் போகிறவருக்கும் அந்த நாள் போச்சு. இரண்டு பேர் கூலி 130 வெள்ளி, போக வர வாடகை 60 வெள்ளி, பசியாறியதும் மத்தியானச் சாப்பாடும் தனி. 5 வெள்ளி மருந்தை வாங்க 200 வெள்ளி! தனியாரிடம் போவது முட்டாள்தனம் என்று இவரிடம் யாரால் சொல்ல முடியும்?

ஆக, நம்மவர்களுக்கு மனநோய் மருந்தின் விலை மாத்திரையில் மட்டும் இல்லை. அது தூரத்திலும் காத்திருப்பிலும் அன்றைய கூலியிலும் இருக்கிறது. மருந்து விலையைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பட்டணத்துக்காரர் மத்தியான இடைவேளையில் மருந்து வாங்கிவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். தோட்டத்தானுக்கு அது ஒரு நாள்.

இந்தக் கூலி நஷ்டத்தைக் குறைக்கச் சில வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பலருக்குத் தெரிவதில்லை, கௌண்டரில் இருப்பவரும் தானாகச் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று நாலு மாதத்துக்கு மருந்து எழுதினாலும் கையில் ஒரு மாதத்து மருந்தே கொடுப்பது வழக்கம். மீதி மாதங்களின் மருந்தை உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு. அதற்கு எஸ்.பி.யு.பி. என்று பெயர். "எஸ்.பி.யு.பி. பண்ணிக் கொடுங்க" என்று ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டு, எந்தக் கிளினிக் என்பதையும் சொல்லுங்கள். நோயாளியே போக வேண்டும் என்பதும் இல்லை, அட்டையோடு வீட்டார் போகலாம். தபாலில் மருந்து அனுப்பும் சேவையும் உண்டு, தபால் செலவு நம்முடையது. லயத்து விலாசத்துக்குத் தபால் ஒழுங்காக வருமா என்பது நமக்கும் சந்தேகம்தான். ஆபீஸ் கிராணியிடம் சொல்லிவைத்தால் உதவுவார். தூக்க மாத்திரை போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை இப்படியெல்லாம் எளிதில் தரமாட்டார்கள். அதில் அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது.

நோய் நிலைபெற்றவர்களைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதாரக் கிளினிக்குக்கே மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அங்கே குடும்ப மருத்துவ நிபுணர் வந்து பார்க்கிற கிளினிக்குகள் உண்டு. மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போடுகிற ஃபுளுபெனசின் போன்ற பழைய ஊசி இருக்கிறது. பழைய மருந்து என்பதால் விலை அதிகமில்லை. கைகால் விறைப்பு, நடுக்கம் போன்ற பக்க விளைவு வரலாம், அதற்கும் மாத்திரை கொடுப்பார்கள். வீட்டில் தினம் தினம் மாத்திரைக்காகச் சண்டை போடுகிற தாய்மார்கள் இந்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் விசாரிக்கலாம்.

கூலிக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டு தொழில் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைந்த வேலைக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் தனியாக 60 நாள். மனநோய்க்கு இது கிடையாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் ஒரு வில்லங்கம். ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனைக்குப் போனால் பல நேரங்களில் எம்.சி. கொடுக்காமல் 'டைம் சிலிப்' கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அந்தச் சிலிப் போதும். ஆறரை மணிக்குப் பெரட்டில் பேர் கொடுத்தால்தான் கூலி என்கிற இடத்தில் மூன்று மணிக்கு வந்து சிலிப் நீட்டினால் என்ன பிரயோஜனம்? டாக்டரிடம், தான் தோட்டத்தில் வேலை செய்வதையும் அன்றைக்கு இனி வேலை இல்லை என்பதையும் சொல்லிக் கேளுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர் முடிவு. துணைக்குப் போகிறவரின் கூலிக்கோ எந்தச் சட்டமும் இல்லை. தொழிற்சங்கம் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை எடுக்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். வருடத்தில் நாலைந்து நாள், துணைக்குப் போகிறவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு. நிர்வாகத்துக்கு இது பெரிய தொகையா?

கேட்க வேண்டியது இன்னும் உண்டு. தோட்ட நிர்வாகம் ஒப்பந்தம் செய்துகொண்ட பேனல் கிளினிக்குகளில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து கொடுக்கிறார்கள். தூக்கமில்லை, மனசு சரியில்லை என்று போனால் "இது கம்பெனி கணக்கில் வராது" என்று சொல்லி அனுப்பிய இடங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கிளைத் தலைவர்கள் ஒரு தரம் வாங்கிப் பார்க்கட்டும். எழுதியிருந்தால் கொடுக்கச் சொல்லலாம். எழுதாவிட்டால் எழுதச் சொல்லலாம்.

அடையாள அட்டை இல்லாதவர்களின் கதை தனி. இந்த நாட்டிலேயே பிறந்தும் பத்திரம் சரியில்லாத காரணத்தால் குடியுரிமை இல்லாமல் இருக்கும் நம்மவர்கள் இன்னமும் உண்டு. அவர்களுக்கு 1 வெள்ளி, 5 வெள்ளி கிடையாது. வெளிநாட்டார் கட்டணம், பல மடங்கு. மருந்துக்கும் தனியே காசு. பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசிக்கும் அதே நிலைதான். ஊரை விட்டு வந்து தனியாகக் கிடக்கும் அந்தப் பையன்களுக்கு மனசு உடையாது என்று யார் சொன்னது? நீண்டகால மனநோய் மருந்துக்காவது அட்டை பார்க்காமல் ஒரே கட்டணம் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. மருந்து நின்று நோய் முற்றி ஆஸ்பத்திரியில் வாரக் கணக்கில் படுக்கவைத்தால் அரசாங்கத்துக்கு ஆகும் செலவு, மாத்திரைச் செலவைவிட எவ்வளவோ அதிகம்.

அரசாங்கம் மனசு வைத்தால் மருந்து விலையை இறக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஈரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் மருந்தின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 2017 செப்டம்பரில் அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தில் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்த மருந்தின் ஜெனரிக்கைத் தன் ஆஸ்பத்திரிகளுக்கு வரவழைத்தது. அதற்கு முன் 2003-இல் எய்ட்ஸ் நோய் மருந்துக்கும் அப்படியே செய்தது. மனநோய் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமைத் தடையே இல்லாதபோது, தனியார் கடைகளில் அவற்றுக்கு ஒரு நியாயமான உச்சவிலை வைப்பது அதைவிடச் சுலபமான காரியம் அல்லவா? எல்லா மருந்துக்கும் வேண்டாம். நீண்டகால நோய்களுக்குரிய ஒரு முப்பது நாற்பது ஜெனரிக்குக்கு மட்டும் தொடங்கட்டுமே.

மாத்திரையைக் குறைத்து மிச்சம் பிடிப்பவர்களுக்கு

கடிதம் எழுதிய அம்மாளைப் போல, மாத்திரையைப் பாதியாக உடைப்பதும் நாள்விட்டுக் கொடுப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. இதனால் காசு மிச்சமாவதில்லை. மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம், சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்தினால் அந்தப் பத்து நாள் காசும் வீண். சுகமானபின்னும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். குரல் கேட்கும் நோய்க்கான மருந்தை விட்டால், சில வாரமோ சில மாதமோ கழித்து நோய் திரும்பி வருவது மிகவும் சகஜம். திரும்பி வரும்போது பழைய அளவு மருந்து போதாமல் போவதும் உண்டு. காசு கட்டவில்லை என்றால் அதை டாக்டரிடமே சொல்லிவிடுங்கள். விலை குறைந்த வேறு மருந்து அவருக்குத் தெரியும். நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். லித்தியம் சாப்பிடுபவர் வியர்வை கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. காட்டுக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் பெரிதாக இருக்கட்டும். குளோர்புரோமசின் சாப்பிடுபவருக்கு வெயில் பட்டால் தோல் சீக்கிரம் வெந்துபோகும், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும். சம்சு, பீர் எதுவானாலும் இந்த மருந்துகளோடு சேரக் கூடாது. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம், ஏனென்றால் சம்பள நாளன்று மாத்திரைக்குப் பதில் சம்சு வாங்கிய குடும்பங்களை நாம் நேரில் பார்த்திருக்கிறோம்.

நோய் நீண்டு, இரண்டு வருடத்துக்கு மேல் மனநல நிபுணரிடம் சிகிச்சையில் இருப்பவர்கள் சமூக நல இலாகாவில் ஊனமுற்றோர் அட்டை, அதாவது ஓ.கே.யு. அட்டைக்கு மனு செய்யலாம். அந்த அட்டை இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த 5 வெள்ளியும் இல்லை. வேலை செய்ய முடியாத நிலை வந்தவர்கள் பெர்கேசோவில் இயலாமைப் பென்ஷனுக்கு மனு போடலாம். சந்தா எத்தனை மாதம் கட்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மனநோய்க்குக் கிடையாது என்று யாராவது வாய்ச்சொல்லாகச் சொன்னால் நம்பாமல், எழுத்தில் பதில் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் ஹீல் 15555 என்ற அரசாங்க எண்ணிலோ, பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929 என்ற எண்ணிலோ பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய பழைய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

பேராக் அம்மாளுக்கு நாம் முன்னமே தனியாகப் பதில் எழுதியிருந்தோம். பழைய மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு சுகாதாரக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அங்கே டாக்டர் மருந்தின் பெயரைப் பார்த்துவிட்டு, அதே மருந்து தங்களிடம் இருப்பதாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். தேதி கிடைத்திருப்பது அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவரைக்கும் மருந்தை நாள்விடாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மண்டோரிடம் என்ன காரணம் சொல்லி லீவு கேட்பது, ரத்தக்கொதிப்பு என்று சொல்லிவிடலாமா என்று இரண்டாவது கடிதத்தில் கேட்டிருக்கிறார். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை அம்மா. ஆஸ்பத்திரியில் தேதி இருக்கிறது என்று அட்டையின் முன்பக்கத்தைக் காட்டுங்கள். என்ன நோய் என்று கேட்டால், அது டாக்டருக்கும் எங்களுக்கும் உள்ளது என்று சொல்லுங்கள்.